மார்கழி இரவும் மாம்பூவும்

தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மா விவசாயிகள் ஒருவரையொருவர் விசாரிக்கும் முதல் விஷயம், "தோப்புல பூ எப்படி?" என்பதுதான். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டிணம், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி, எங்கே போனாலும் இதே பேச்சு. வியாபாரி குத்தகை பேசுவது பூவைப் பார்த்து. உரம், மருந்துக் கடையில் கடன் கிடைப்பதும் பூவைப் பார்த்து. முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் மாமரம் நிற்கிற மாவட்டம் இது. பெங்களூரா என்று இங்கே அழைக்கப்படும் கிளிமூக்கு மாங்காயை நம்பி மாங்கூழ் ஆலைகள் ஓடுகின்றன. ஆகவே பூ குறைந்த வருடத்தில் காரணம் தேடாத ஆள் கிடையாது. மழை இல்லை, வெயில் அதிகம், ஓசூர் ஃபேக்டரிகளின் சூடு, மருந்து சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் சிலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் எல்லாம் அடிபடாத ஒரு விஷயம்தான் மாம்பூவின் விதியைப் பெரும்பாலும் எழுதுகிறது: கார்த்திகையிலிருந்து தை வரையிலான இரவுகளின் வெப்பநிலை. அந்த இரவுகளை நாம் அளப்பதே இல்லை. அளக்காமல் செலவு மட்டும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழமரமும் குளிரும் என்றதும் பலருக்கு ஆப்பிள்தான் நினைவுக்கு வரும். ஆப்பிள், பேரி, கொடைக்கானல் மலையில் விளையும் பிளம்ஸ் போன்ற மரங்களில் பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். குளிர்காலத்தில் அந்த மொட்டு உறங்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். ஆகவே அந்த மரங்களுக்குக் குளிரின் வேலை, ஏற்கெனவே இருக்கிற பூவை எழுப்புவது. மா அப்படியல்ல. மாமரக் கிளையின் நுனியில் இருக்கும் மொட்டுக்கு, தான் பூவாகப் போகிறோமா இலையாகப் போகிறோமா என்பது விழிக்கும் வரை தெரியாது. மொட்டு விழித்து வளரத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் இலைகள் உணர்கிற குளிர்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஆப்பிளுக்குச் சொல்லும் குளிர் மணிக்கணக்கை மாவுக்குப் போட்டுப் பார்த்து, "நம்ம ஊர்ல 7 டிகிரியே வர்றதில்லை, அப்புறம் குளிருக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒதுக்கிவிடுவது தவறான கணக்கு.

இதற்கான ஆதாரம் வலுவானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் தாமஸ் டேவன்போர்ட்டும் நூனியஸ் எலிசியாவும் தொட்டியில் வளர்த்த மாமரங்களை வெப்பநிலை கட்டுப்படுத்திய அறைகளில் வைத்துப் பார்த்தார்கள். பகலில் 18, இரவில் 10 டிகிரி வைத்தால் நுனிமொட்டு பூங்கொத்தாக வந்தது. பகலில் 30, இரவில் 25 வைத்தால் அதே மரத்தில் தளிர்தான் வந்தது. இலைகளை நீக்கிவிட்டால் குளிர் இருந்தும் பூ வரவில்லை. அதாவது குளிரை உணர்ந்து செய்தி அனுப்புவது முற்றிய இலை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அந்தச் செய்தி என்னவென்பதற்கான தடயத்தையும் காட்டினார்கள். பல செடிகளில் பூப்பைத் தொடங்கிவைக்கும் மரபணுவுக்கு இணையான ஒன்று மாவிலும் உண்டு. வெட்டவெளித் தோட்டத்திலேயே, குளிர் கூடக்கூட இலையில் அதன் செயல்பாடு கூடுகிறது.

ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை, நம் தோப்பிலேயே இதற்குச் சாட்சி தொங்குகிறது. பூ வந்த மரத்தை அருகில் போய்ப் பாருங்கள். சில கிளை நுனிகளில் சுத்தமான பூங்கொத்து இருக்கும். சிலவற்றில் செம்பழுப்புத் தளிர் மட்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு: ஒரே தண்டில் ஒரு பகுதியில் இலையும் இன்னொரு பகுதியில் பூவுமாக வந்திருக்கும் கலப்புத் தளிர். ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் இலைக்கான திசுவும், அதன் கக்கத்தில் பூக்காம்புக்கான திசுவும் இரண்டுமே இருக்கின்றன. குளிர் நீடித்தால் இலைத் திசு வளராமல் நின்றுவிட, பூக்காம்பு நீளும். சூடு நீடித்தால் தலைகீழ். மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும்போதே நடுவில் வானிலை மாறினால் தண்டு பாதி வழியில் கட்சி மாறும். கீழே இலை, மேலே பூ என்று வந்திருந்தால் முதலில் சூடாக இருந்து பிறகு குளிர்ந்திருக்கிறது; கீழே பூக்காம்பு, மேலே இலை என்றால் குளிர் விட்டு இரவு சூடேறியிருக்கிறது. இரண்டாவது வகை தோப்பில் நிறையத் தென்பட்டால், கிடைக்க வேண்டிய பூ கைக்கு வந்து நழுவியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வேளாண் அலுவலர் வந்து சொல்ல வேண்டிய விஷயமில்லை இது.

இப்போது முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். "கன்னியாகுமரியில் ஏது குளிர்? அங்கே நீலம் மா வருடத்துக்கு இரண்டு தடவை பூக்கிறதே" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்தில் பருவம் தப்பிய மகசூல் நெடுங்காலமாக நடப்பதுதான். குளிர்தான் எல்லாம் என்றால் அது நடக்கவே கூடாது. விடை, தளிரின் வயதில் இருக்கிறது. கிளை நுனி கடைசியாகத் துளிர்த்து நான்கைந்து மாதம் ஆகி, இலை நன்றாக முற்றி, கரும்பச்சையாகி விறைத்துவிட்டால், தளிரை ஊக்குவிக்கும் பொருள் குறைந்துபோகிறது. அந்த நிலையில் இரவு 20 டிகிரி இருந்தாலும் மொட்டு பூவாகவே வெடிக்கும். இளம் தளிருக்கோ நல்ல குளிர் வேண்டும். ஆக, வயதும் குளிரும் ஒன்றுக்கொன்று ஈடு செய்கின்றன. தெற்கே வயது வேலையைச் செய்கிறது. வட இந்தியாவில் கடுங்குளிர் செய்கிறது. கன்னியாகுமரி என் வாதத்தை உடைப்பதில்லை. எந்த ஊருக்கு எது முக்கியம் என்று பிரித்துக் காட்ட உதவுகிறது.

கிருஷ்ணகிரி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மண். இங்கே பெங்களூரா அறுவடை ஆனி, ஆடி வரை நீளும். அதிக மழை பெய்வது செப்டம்பர், அக்டோபரில். காய் இறக்கிக் களைத்த மரம் அந்த மழையில்தான் ஆசுவாசமாகித் துளிர்க்கிறது. புரட்டாசியில் துளிர்த்த தளிருக்கு மார்கழி முடியும்போது வயது மூன்று, மூன்றரை மாதம். வயதின் பலத்தில் மட்டும் பூக்க அது போதாது. இரவுக் குளிரின் உதவி கட்டாயம் வேண்டும். இந்த இடத்தில் ஓரிரண்டு டிகிரிக்குப் பெரிய மதிப்பு வந்துவிடுகிறது. இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கினால் மரம் முழுக்கப் பூ. 19, 20இலேயே நின்றுவிட்டால் பாதி கிளை தளிராகப் போகும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சமவெளி சுமார் 500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி இந்த 400 மீட்டர் இறக்கத்தில் இரண்டரை டிகிரி கூடுகிறது. பெங்களூருவில் ஜனவரி இரவின் சராசரி சுமார் 16 டிகிரி. ஓசூரும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. கீழே இறங்கிப் போச்சம்பள்ளி, ஊத்தங்கரை பக்கம் வந்தால் நாம் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறோம். விளிம்பில் நிற்பவனுக்குத்தான் ஒரு டிகிரி மாற்றம் உறைக்கும்.

"அப்படியானால் ஓசூரில் மா கொட்ட வேண்டுமே?" என்று அடுத்த கேள்வி வரும். பூவுக்குக் குளிர் வேண்டும் என்றேன், காய்க்கு வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பூங்கொத்தில் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை பூக்கள் இருக்கும். அதில் பெரும்பகுதி ஆண் பூ, காயே ஆகாது. நடுவில் மஞ்சள் கலந்த பச்சையில் சிறு குமிழாகச் சூலகம் தெரிகிற இருபால் பூ மட்டும்தான் பிஞ்சு பிடிக்கும். பூங்கொத்து உருவாகும் நாட்களில் குளிர் அதிகமாக இருந்தால் ஆண் பூவின் பங்கு கூடுகிறது. சற்றுச் சூடு வந்தபின் விரியும் கொத்துகளில் இருபால் பூ அதிகம். மகரந்தம் உருவாகும் கட்டத்தில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தத்தின் உயிர்ப்பு வெகுவாகக் குறையும். குளிர் விடியலில் ஈயும் தேனீயும் சுறுசுறுப்பாகப் பறக்காது. பனியும் குளிரும் சேர்ந்த இரவுகளில் சாம்பல் நோய் கொத்தையே வெளுத்துவிடும். கருவுறாமல் நின்ற பிஞ்சு, விதை வளராத குட்டிக் காயாகத் தங்கிப் பிறகு உதிரும். ஆகவே மாவுக்கு வேண்டியது ஒரு வரிசை: மொட்டு முடிவெடுக்கும் வாரங்களில் குளிர், பூ விரியும் வாரங்களில் இதமான சூடு. மேட்டு நிலத்தில் இந்த வரிசை தாமதமாக வருகிறது. 800 மீட்டருக்கு மேல் இருக்கும் கோலார் மாவட்டத்து சீனிவாசபுரம் கர்நாடகத்தின் பெரிய மா ஊர்களில் ஒன்று. அங்கே பருவம் நம்மைவிடப் பிந்தித்தான் தொடங்குகிறது. உயரம் மாவைத் தடுப்பதில்லை, நாட்காட்டியைத் தள்ளிவைக்கிறது. ஓசூர்ப் பக்கம் தோப்பு குறைவாக இருப்பதற்கு வெப்பநிலையைவிட ரோஜா, காய்கறியின் வருமானமும் நிலத்தின் விலையும்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மறுமுனையில் பகல் வெயிலும் சும்மா விடுவதில்லை. பூ விரிந்த நாட்களில் 35 டிகிரியைத் தாண்டி வறண்ட காற்றும் அடித்தால் சூல்முடி காயும், மகரந்தம் முளைக்காது. பிஞ்சான பிறகு வரும் கடும் வெயில் பிஞ்சை உதிர்க்கும். 2024இல் தமிழகத்தின் உள்மாவட்டங்களை ஏப்ரல், மே மாதங்களில் வாட்டிய வெப்ப அலையை யாரும் மறந்திருக்க முடியாது. கிருஷ்ணகிரியில் மா மகசூல் கடுமையாகச் சரிந்த வருடமும் அதுவே. அந்தச் சரிவு முழுவதையும் வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறோம், ஏனென்றால் வெயில் கண்ணுக்குத் தெரிகிறது, நம் முதுகிலும் படுகிறது. மார்கழியில் இரவு இரண்டு டிகிரி கூடினால் யாருக்கும் அது பேரிடராகத் தெரியாது. கம்பளி தேவைப்படவில்லை என்று சந்தோஷப்படுவோம். ஆனால் சித்திரை வெயில் உதிர்ப்பதற்கு முன்பே, வராத பூவின் நஷ்டம் முடிந்துபோயிருக்கும்.

இரவு ஏன் சூடாகிறது? இங்கேதான் ஃபேக்டரிக் கதை வருகிறது. ஓசூர் சிப்காட், போச்சம்பள்ளி சிப்காட், புதுப்புது ஆலைகள், நான்குவழிச் சாலை, குடியிருப்பு. கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடும் என்பது உண்மை. ஊரை ஒட்டிய தோப்புக்கு அதனால் பாதிப்பு வரலாம். ஆனால் ஆலையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் தோப்பிலும் பூ தவறுகிறதே, அதற்கு ஆலைச் சூடு விடையாகாது. அதைவிட நேரடியான காரணம் மேகம். தெளிந்த வானத்தில் நிலம் தன் சூட்டை இரவெல்லாம் மேலே விட்டுவிடும், விடியலில் பனி இறங்கும். மேகம் மூடினால் அந்தச் சூடு திரும்பி வரும், இரவு குளிராது. வடகிழக்குப் பருவமழை நீண்டு மார்கழியிலும் மேகமும் தூறலுமாக இருந்தால் இரட்டை அடி விழுகிறது: இரவு சூடாக இருக்கிறது, ஈரம் பட்டு மொட்டும் விழித்துக்கொள்கிறது. குளிர் இல்லாத நேரத்தில் விழித்த மொட்டு தளிராகத்தான் போகும். அந்தப் புதுத் தளிருக்கு வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. "கடைசி நேர மழை பூவைக் கெடுத்துருச்சு" என்று பெரியவர்கள் சொல்வதற்குள் இவ்வளவு இருக்கிறது. ஈரத்தை மட்டும் குறை சொல்கிறோம், கூடவே வந்த சூட்டைக் கவனிப்பதில்லை.

"மா எப்பவுமே ஒரு வருஷம் காய்ப்பு, ஒரு வருஷம் ஓய்வு, இதுக்கு எதுக்கு வெப்பநிலைக் கதை?" என்பது இன்னொரு வாதம். அல்போன்சாவுக்கு அந்தக் குணம் அதிகம், நீலத்துக்கும் பெங்களூராவுக்கும் குறைவு. ஆனால் அது தனிக்கதை அல்ல. காய் கனத்த வருடத்தில் மரம் தாமதமாகத் துளிர்க்கிறது அல்லது துளிர்ப்பதே இல்லை. தாமதத் தளிருக்கு வயது குறைவு, அதனால் அதிகக் குளிர் தேவை. ஓய்வு வருடம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, அந்த மரத்தின் தளிருக்கு அந்த வருடத்துக் குளிர் போதவில்லை என்பதுதான். வறட்சி வந்தால் பூக்கும் என்பதும் இப்படியே. வறட்சி நேராகப் பூவைக் கொண்டுவருவதில்லை. மரம் மறுபடி துளிர்க்காமல் தடுத்து, இருக்கிற தளிர் முற்ற அவகாசம் தருகிறது.

கடைசியாக, "கல்டார் ஊத்தினா முடிஞ்சது" என்ற நம்பிக்கை. பாக்லோபியூட்ரசால் என்ற அந்த மருந்து ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் உற்பத்தியைக் குறைத்து, தளிர் ஓட்டத்தை அடக்குகிறது. குளிர் போதாத வருடத்திலும் பூ வரவைக்கும். அது பொய்யில்லை. ஆனால் அது செய்வது முதல் கட்ட வேலையை மட்டும். இருபால் பூவின் விகிதத்தையோ மகரந்தத்தின் உயிர்ப்பையோ வானிலையின் பிடியிலிருந்து அது விடுவிக்காது. மண்ணில் நெடுநாள் தங்கும். அளவு மீறினால் பூங்கொத்து குறுகி நெருக்கமாகி நோய்க்கு இடம் கொடுக்கும். ஊட்டமில்லாத கிழட்டு மரத்தில் ஊற்றினால் மரத்தின் சக்தியையே உறிஞ்சும். பொட்டாசியம் நைட்ரேட்டின் கதையும் இதுபோல்தான். 1970களில் பிலிப்பைன்ஸின் ரமோன் பார்பா அதைத் தெளித்து மாவைப் பூக்கவைத்துக் காட்டினார். 2014இல் அந்த நாடு அவரைத் தேசிய விஞ்ஞானி ஆக்கியது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு ஒரு சதவீதக் கரைசலைப் பரிந்துரைக்கிறது. ஆனால் நைட்ரேட் மொட்டை எழுப்பும், அவ்வளவே. எழும்பிய மொட்டு பூவா தளிரா என்பது இலையின் வயதையும் அந்த வார இரவையும் பொறுத்தது. இளம் தளிரில், இரவு சூடாக இருக்கும்போது அடித்தால் காசு கொடுத்துத் தளிர் வாங்கிய கதையாகிவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் பூ வந்தது, காய் வந்தது, பெங்களூரா அடிமாட்டு விலைக்குப் போனது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் வெளிமாநிலக் காய் நுழையத் தடை போட்டது; கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார்; கர்நாடகக் காய்க்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டு விலை அறிவித்தது. கிருஷ்ணகிரி விவசாயி போராட்டத்தில் நின்றார். "பூத்தும் இதுதானே கதி" என்ற ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று மாநிலத்துக் காயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆலை வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு காரணம், ஒரே குளிர் அலை மூன்று மாநிலத் தோப்புகளையும் ஒன்றாகப் பூக்கவைப்பது. எந்த வாரத்தில் எவ்வளவு பூ வந்தது என்று ஜனவரியிலேயே தெரிந்தால், ஜூனில் எவ்வளவு காய் வரும் என்று ஆலையும் அரசும் ஐந்து மாதம் முன்பே பேச உட்கார முடியும். இந்தக் கணக்கு இல்லாததால்தான் பேச்சுவார்த்தை எப்போதும் லாரி வரிசையில் நிற்கும்போது தொடங்குகிறது.

ஆகவே வேலைகள் இரண்டு. காய் இறக்கியவுடன், ஆடி முடிவதற்குள், கவாத்தும் உரமும் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் தளிர் ஆவணியிலேயே வந்து, தைக்குள் ஐந்து மாத வயதை எட்டும். அந்த வயதை எட்டிய மரம் சூடான மார்கழியையும் ஓரளவு தாங்கும். ஐப்பசிக்குப் பிறகு தண்ணீரும் தழைச்சத்தும் நிறுத்தப்பட வேண்டும். தாமதமாக யூரியா போடுவது, கேட்காமலே தளிரைக் கூப்பிடுவதாகும். மருந்தால் வரும் பூவைவிட இந்த நாட்காட்டியால் வரும் பூ மலிவு, மரத்துக்கும் கேடில்லை.

இன்னொரு வேலை, அளப்பது. தாலுகா அலுவலக வளாகத்து வானிலைக் கருவி காட்டும் எண் உங்கள் தோப்பின் எண் அல்ல. தெளிந்த இரவில் குளிர்காற்று கரட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துத் தோப்புக்கும் மேட்டுத் தோப்புக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் சாதாரணம். கொங்கணத்து அல்போன்சாவுக்கு வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் வெப்பநிலையையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதை நாமும் உரிமையோடு கேட்க வேண்டும் என்றால் கையில் எண் இருக்க வேண்டும். பையூர் ஆராய்ச்சி நிலையமும் தோட்டக்கலைத் துறையும் ஒன்றியத்துக்குச் சில தோப்புகளில் இரவு வெப்பநிலையைப் பதிந்து, பூப்பு விவரத்தோடு சேர்த்து வெளியிட்டால், சில ஆண்டுகளில் இந்த மாவட்டத்துக்கே உரிய கணக்கு கிடைத்துவிடும். அதுவரை, தோப்பு வைத்திருப்பவர்கள் உயர்நிலையும் தாழ்நிலையும் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி, மரத்தின் நிழலில் ஆள் உயரத்தில் தொங்கவிடுங்கள். கார்த்திகை 1 முதல் மாசி கடைசி வரை தினமும் காலையில் தாழ்நிலையை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில், அந்த வாரம் நுனியில் வந்தது பூவா, தளிரா, கலப்பா என்றும் எழுதுங்கள். அடுத்த வருடம் மருந்துக் கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.